இரண்டு முடிச்சு போட்ட விரிப்பு

முடிச்சண்ணனை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் என் படுக்கை விரிப்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கான நேர்காணலுக்கு முதல் நாளே ஊரிலிருந்து வந்து, பேருந்து நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவிலிருந்த மூன்று மாடி லாட்ஜில் தங்கியிருந்தேன். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் என்ற மிடுக்கோடு, இஸ்திரி மடிப்பு கலையாமல் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த நேரம். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. விரிப்பை ஒரே இழுப்பில் உருவி, நடுப்பகுதியை மூக்கருகே கொண்டுபோய், "தலைக்கு எண்ணெய் ஜாஸ்தி, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உடம்பெல்லாம் கூசியது. வேலை கிடைத்தது, வீடு கிடைக்க எட்டு மாதமாயிற்று. அந்த எட்டு மாதமும் அங்கேதான் கிடந்தேன். இனி வருவது பாதி அவர் வாயால் கேட்டது, பாதி அங்கே துணி துவைக்கும் அக்கா சொன்னது.

லாட்ஜின் துணி அறை அவர் பொறுப்பு. கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத நீளமான அறை. ஒரு பக்கம் வெளுத்து மடித்த விரிப்புகள் அடுக்கடுக்காக. மறுபக்கம் மாடிகளிலிருந்து இறங்கிவரும் அழுக்கு மூட்டைகள். அங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதம் குமட்டும், இரண்டாம் மாதம் பழகிவிடும், மூன்றாம் மாதம் மூட்டைமேல் உட்கார்ந்தே சாப்பிடுவார்கள். அவருக்கு மட்டும் முப்பத்தொரு வருடமும் முதல் மாதமாகவே இருந்தது. ஒவ்வொரு விரிப்பையும் பிரிக்கும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும். தலைச்சாயம் ஊறிய தலையணை உறை, மூக்கைச் சிந்தித் துடைத்த மூலை, வியர்வை காய்ந்து ஆள் உருவத்திலேயே படிந்த மஞ்சள், குதிகால் வெடிப்பிலிருந்து உதிர்ந்த தோல், யாருடையதென்று தெரியாத சுருட்டை முடி.

"மனுசன்னா என்னங்கற? ஒழுகுற பை. மேல ஒரு சட்டைய மாட்டிக்கிட்டு சாரு கீருன்னு சுத்துது" என்பார்.

அந்த அருவருப்புதான் அவருடைய திறமை. மற்றவர்கள் கண்ணால் பார்த்துக் கறை இல்லை என்று விட்டதை அவர் மூக்கு பிடித்துவிடும். அவர் மூக்கு ஒன்று சொல்லிவிட்டால் லாட்ஜில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

முடிச்சு முறையும் அவர் கொண்டுவந்ததுதான். எந்தத் துணியில் என்ன கறை என்று துவைக்கும் இடத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் அறையில் விரிப்பை உருவும் மாடிப் பையனோ அவரோ அதன் மூலையிலேயே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஒரு முடிச்சென்றால் ரத்தம், பச்சைத் தண்ணீரில் ஊறவேண்டும். இரண்டு முடிச்சென்றால் மூத்திரம், சோடா மாவு போட்ட தனித் தொட்டி. மூன்றென்றால் வாந்தி, கையுறை இல்லாமல் தொடாதே. இப்படித்தான் அவர் முடிச்சண்ணன் ஆனார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இந்த இரண்டு முடிச்சுதான் அவருக்கு ஆகவே ஆகாது. ரத்தம் யார் கையிலும் இல்லை, வாந்தி சொல்லிக்கொண்டு வருவதில்லை, மூத்திரம் அப்படியா? எழுந்து போகச் சோம்பல், அவ்வளவுதான் என்பது அவர் தீர்ப்பு. நனைந்த விரிப்பை இரண்டு விரலால் நுனியில் பிடித்து, கையை விறைப்பாக நீட்டி, தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஊர்வலம் போவார். அந்த அறைக் கிழவரோ கிழவியோ கதவிடுக்கில் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக நடப்பார்.

அறுபத்து நாலாவது வயதில் ஒரு விடியற்காலை முதுகு சில்லிட்டு விழித்தார். மனைவி காலமான பிறகு மொட்டைமாடியிலிருந்த ஒற்றை அறையை லாட்ஜ் அவருக்கு ஒதுக்கியிருந்தது. கூரை ஒழுகுகிறது போல என்று அண்ணாந்து பார்த்தார். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. அதற்குள் மூக்கு சொல்லிவிட்டது. "சீ!" என்று கட்டிலிலிருந்து குதித்து இறங்கியவர், வேறு யாரோ வந்து தன் படுக்கையில் ஒன்றுக்கிருந்துவிட்டு ஓடிவிட்டதுபோல வாசலைத்தான் முதலில் பார்த்தார். கட்டியிருந்த துணி தொடையோடு ஒட்டியிருந்தது. தோல் சிவக்கச் சிவக்கச் சோப்புத் தேய்த்துக் குளித்தார். அன்று முழுக்க யாராவது அருகில் வந்தால் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, நாலு நாளைக்கு ஒரு தடவை, கடைசியில் தினமும். இரவில் மூன்று முறை எழுந்து போய்விட்டு வருவார். நாலாவது முறை எழுப்புவது ஈரம்தான். தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார். மதியத்துக்குமேல் தண்ணீரைத் தொடவில்லை. நாக்கு வறண்டு அட்டையாயிற்று. கீழே வந்தது மட்டும் நிற்கவில்லை. கெட்டித்து, நிறம் ஏறி, மூக்கைத் துளைக்கும் நெடியோடு வந்தது. புது மெத்தை சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையை விரித்துப் படுத்தார். புரண்டால் சரசரத்தது, வியர்த்துக் கொட்டியது, ஈரம் போக இடமில்லாமல் இடுப்புக்கடியில் குட்டையாகத் தேங்கி நின்றது. வெதுவெதுப்பு மாறாத அந்தக் குட்டையில் கிடந்து விழித்த காலையில், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். முப்பத்தொரு வருடத்தில் எவனுடைய துணிக்கும் அவர் அப்படி ஓங்கரித்ததில்லை.

ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சில மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. காலையில் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டால் அரைமணிக்கொரு தரம் போகவேண்டியிருந்தது. ஊழியர்களுக்கான கழிப்பறை மாடிப்படிக்கு அடியில். தண்ணீர் ஊற்றத் தெரியாத பத்துப் பேர் போய்வரும் இடம். அதில் அவர் கால் வைக்கமாட்டார். மொட்டைமாடியில் தன் அறையை ஒட்டிய கழிப்பறைவரை அத்தனை தரம் ஏறிப்போக முழங்கால் விடாது. ஆகவே மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தானாகவே மாற்றிக்கொண்டு, பகல் முழுக்க அடக்கியடக்கி நின்றபடியே வேலை பார்த்தார். சாயங்காலம் கணுக்கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. டாக்டரிடம் போகவும் மனமில்லை. "போயி? படுக்கையில பேஞ்சிடறேன்னு சொல்லவா? இந்த வாயால?"

நனைந்த விரிப்பை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். அவர் படுத்தது லாட்ஜ் விரிப்பில்தான். அங்கே ஒவ்வொரு மாடிக்கும் ஓரத் தையல் வேறு நிறம். இரண்டாம் மாடிக்குச் சிவப்பு. தினமும் கையில் கிடைத்த சிவப்பு ஓர விரிப்பை எடுத்துப் போய்ப் படுத்து, விடிந்ததும் யாரும் பார்க்குமுன் இரண்டாம் மாடி மூட்டைக்குள் திணித்துவிடுவார். திணிக்குமுன் கை பழக்கத்தில் மூலையைப் பிடித்து இரண்டு முடிச்சைப் போட்டுவிடும். போடாவிட்டால் தனித் தொட்டிக்குப் போகாது, மற்ற விரிப்புகளோடு சேர்ந்து ஊறும். அந்த எண்ணத்தையே அவரால் தாங்க முடியாது. வேறு எவனாயிருந்தாலும் முடிச்சுப் போடாமல் விட்டுத் தப்பித்திருப்பான்.

இரண்டு வாரம் தொடர்ந்து வந்ததும், துவைக்கிற அக்கா ஒரு திங்கட்கிழமை மேனேஜரிடம் முறையிட்டாள். "ரெண்டாம் மாடியிலேர்ந்து தெனமும் ரெண்டு முடிச்சு வருது சார். நாத்தம் தாங்கல. யாருன்னு பாருங்க."

மேனேஜர் முடிச்சண்ணனைக் கூப்பிட்டார். "ரெண்டாம் மாடியில ரெண்டு வாரமா தங்கியிருக்கறது ஒரே ஆளு. இருபத்தொண்ணு. அந்தப் பெரியவர்தானே?"

இருபத்தோராம் அறையில் இருந்தவரை எல்லோரும் புரூப் சார் என்பார்கள். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழைதிருத்தியவர். வரவேற்பிலிருந்த விதிமுறைப் பலகையைக்கூடச் சிவப்புப் பேனாவால் திருத்திவைத்தவர். வயது எழுபத்தைந்து. மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து எதிர் ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை. சாலையைக் கடந்து காலையும் மாலையும் அவர்தான் போய் ஊட்டிவிடவேண்டும். அந்தச் சாலையைக் கடக்கவே அவருக்குக் கால்மணி நேரம் பிடிக்கும்.

முடிச்சண்ணனின் தலை ஆமென்று ஆடியது.

"நிச்சயமா?"

"மோந்து பாத்தேன்" என்றார்.

அந்த ஒரு சொல் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலிசெய்யச் சொல்லி மேனேஜர் புரூப் சாரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அக்கம்பக்கத்து லாட்ஜ்களுக்கும் போனில் சொல்லிவைத்தார். இனி அவருக்கு இடம் வேண்டுமென்றால் ஊரின் மறுகோடியில்தான். மறுகோடியிலிருந்து இரண்டு பேருந்து மாறித் தினம் இரண்டு நடை வர அந்தக் காலால் ஆகாது.

புதன்கிழமை துவைக்கிற அக்கா கைகூடத் துடைக்காமல் துணி அறை வாசலில் வந்து நின்றாள். கையில் சிவப்பு ஓர விரிப்பு.

"அண்ணே, இது யார் போட்ட முடிச்சு?"

"எவனோ மாடிப் பையன் போட்டிருப்பான். எனக்கென்ன தெரியும்?"

"பசங்க போடறது இப்படிச் சுத்தும்." விரலால் காட்டினாள். "இது எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு. இந்த லாட்ஜ்ல இடது கைப் பழக்கம் ஒருத்தருக்குத்தான். இருபத்தொண்ணுலேர்ந்து வந்ததுன்னா, நான்தான் போட்டேன்னு சொல்லிட்டுப் போறதுதானே?"

"ஏம்மா, உனக்குத் தொட்டியில வேலையில்லயா? போலீசு வேலைக்கும் எழுதிப் போட்டிருக்கியா?"

"எழுதிப் போட்டாக் கெடைக்கும். பதினெட்டு வருசமா உங்க முடிச்ச அவுத்துக்கிட்டிருக்கேன். என் புருசன் கையெழுத்துகூட எனக்கு இவ்வளவு நல்லாத் தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "என் மாமியாருக்கும் இருந்துச்சு. ஆறு வருசம் அள்ளிப் போட்டேன். நீங்க மூஞ்சியச் சுளிக்கிற மாதிரி ஒரு நாள் சுளிச்சேன், அந்தம்மா சோத்தையே வேண்டாம்னுட்டா. வியாதிய வியாதின்னு சொல்லிட்டுப் போங்க. அதை ஏன் அந்தப் பெரிய மனுசன் தலையில கட்டறீங்க?"

"தங்கச்சி, சத்தம் போடாத."

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள." ஈர விரிப்பை அவர் மேஜைமேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவருடைய நாற்றத்தோடு அவரைத் தனியாக விட்டுவிட்டு.

வியாழன் போயிற்று. சொல்லவில்லை. சொல்லிவிட்டால் இந்த அறை போய்விடும். அதைவிட, தாழ்வாரத்தில் தான் நடக்கும்போது மாடிப் பையன்கள் மூக்கைப் பொத்திச் சிரிப்பது கண்முன்னால் வந்தது. பாவம், ஞாயிற்றுக்கிழமை கிழவர் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தின்மேல் பிறந்த குமட்டல் விரிப்பின்மேல் வந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை இருபத்தோராம் அறைக்கு விரிப்பு மாற்ற அவரே போனார். பசங்களை அனுப்ப மனமில்லை. புரூப் சார் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் செங்கல் நிறம். பாதம் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கியிருந்தது.

முடிச்சண்ணன் விரிப்பின்மேல் கை வைத்தார். முப்பத்தொரு வருடமாக விரிப்பைப் படித்தவர். சுருக்கமில்லை. தலையணையில் குழியில்லை. இஸ்திரிப் பெட்டி போட்ட மடிப்புக் கோடு நடுவில் அப்படியே ஓடியது. செவ்வாய்க்கிழமை அவர் கையால் போட்ட விரிப்பு அது. அதில் ஆள் படுக்கவேயில்லை.

"பாத்தீங்களா, நனையல" என்றார் புரூப் சார். பரீட்சை முடிவு வந்த சிறுவனைப்போல முகம். "நாலு ராத்திரியா நாற்காலியிலதான். தண்ணியும் குடிக்கிறதில்ல. தூங்கினாத்தானே ஆகும்? தூங்கவே இல்ல."

"ஐயா..."

"எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. ஈரமாவும் தெரியல, வாடையும் தெரியல. நாப்பது வருசம் மை வாடையில இருந்து என் மூக்கு செத்துப்போச்சு. நீங்க மோந்து பாத்துச் சொன்னதா மேனேஜர் சொன்னாரு. உங்களுக்குத் தப்பாகுமா? ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன், இப்ப நின்னுடுச்சுன்னு. அவ இன்னும் மூணு வாரத்துல நடந்துடுவா. அதுவரைக்கும்தான்."

முடிச்சண்ணன் வெளியே வந்தார். துணி அறைக்குப் போய், அன்று விடியற்காலை மூட்டைக்குள் திணித்ததைத் தோண்டி எடுத்தார். வரவேற்பு மேஜைக்குக் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் பதிவேட்டின்மேலேயே வைத்தார்.

"இது என்னது."

"என்னதுன்னா?" மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "எடுய்யா மொதல்ல! கருமம்!"

"என்னதுன்னா என்னோடது. ரெண்டு வாரமா வந்ததெல்லாம் என்னோடது. இருபத்தொண்ணுல ஒண்ணுமில்ல. நான் சொன்னது பொய்."

சாவி வாங்க நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு விரிப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மூக்கைப் புறங்கையால் மூடினார். அந்தச் சைகை முடிச்சண்ணனுக்கு அத்துப்படி. முப்பத்தொரு வருடம் அவர் மற்றவர்களுக்குச் செய்து காட்டியதுதான்.

"இந்த வயசுல... த்தூ. அந்த ரூம்ல நீ படுத்த மெத்தைய என்ன பண்றது? எரிக்கணும். இன்னைக்கே காலி பண்ணு. லாட்ஜ் துணியில இனிமே படுக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "வேலைக்கு மட்டும் வா. உன் மூக்குக்கு மாத்து ஆள் இல்ல."

மறுபடி படியேறி இருபத்தொன்றுக்குப் போனார். அதுதான் கஷ்டமாக இருந்தது என்பார். சொல்லி முடிக்கும்வரை புரூப் சார் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என் பெண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன்யா" என்றார் கடைசியில். குரல் உயரவேயில்லை. "ஊட்டும்போது கை நடுங்குதே, ஏன்னு கேட்டா. படுக்கையில மூத்திரம் போறேன், அதான் தூங்கறதில்லைன்னு சொல்லிட்டேன். அம்பது வருசமா வாழ்ந்தவகிட்ட. அவ அழுதா." எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "வெளிய போ. உன்கிட்ட நாத்தம் அடிக்குது."

அதன்பிறகு மூன்று வாரம் புரூப் சார் அங்கேதான் இருந்தார். விரிப்பைத் தானே உருவி, மடித்து, வாசலுக்கு வெளியே வைத்துவிடுவார். படியில் முடிச்சண்ணன் எதிர்ப்பட்டால் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அவர் கடந்துபோகும்வரை மூச்சை அடக்குவார். மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போன அன்றும் அப்படித்தான். மாடிப் பையன்கள் கொஞ்ச நாள் முடிச்சண்ணனை ரெண்டு முடிச்சு என்று கூப்பிட்டார்கள்.

துவைக்கிற அக்காதான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு சின்ன டப்பாவில் பிடித்துவரச் சொன்னார்கள். கையில் வெதுவெதுவென்று இருந்த அந்த டப்பாவை ஏந்திக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த நாற்பது பேர் நடுவே நடந்தது வாழ்க்கையிலேயே நீளமான தாழ்வாரம் என்றார். அடுத்து டாக்டர் கையுறை மாட்டிய விரலால் செய்த பரிசோதனையைப் பற்றி என்னிடம் சொல்ல ஆரம்பித்து, "வேண்டாம் தம்பி, நீ இப்பத்தான் சாப்பிட்டிருக்க" என்று நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயது. மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உடம்புல இருக்கற தண்ணிய வெளிய தள்ற மாத்திரைங்க. காலையில போடறது. ராத்திரி போடச் சொன்னது யாரு?"

"நானேதான்."

"எதுக்கு?"

"எங்க கக்கூஸ் அழுக்கா இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

"பகல் பூரா நிக்கறதுல தண்ணி கால்ல இறங்கி நிக்குது, படுத்ததும் மேல வருது, அதோட மாத்திரையும் சேர்ந்தா உங்க மூத்திரப் பை பாவம் என்ன பண்ணும்? அதுக்குக் கீழ இருக்கற சுரப்பியும் கொஞ்சம் வீங்கியிருக்கு. தண்ணிய நிறுத்தாதீங்க, அது கெட்டியாகி இன்னும் எரிச்சல் பண்ணும். பகல்ல நல்லாக் குடிங்க, சாயங்காலம் குறைச்சுக்குங்க. மத்தியானம் ஒரு மணி நேரம் கால மேல தூக்கி வெச்சுப் படுங்க. இத வந்து சொல்றவங்க நிறைய பேரு. சொல்லாம நாறிக்கிட்டு உக்காந்திருக்கறவங்க அதைவிட நிறைய."

முடிச்சண்ணனுக்கு இப்போது அறுபத்தாறு வயது. துவைக்கிற அக்கா வீட்டுக்குப் பின்புறம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். மாத்திரையைக் காலையில் போடுகிறார். ஊழியர் கழிப்பறையைத் தினம் இரண்டு தரம் பினாயில் ஊற்றித் தானே கழுவிவிட்டு அதில்தான் போகிறார். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இன்னும் நனைகிறது. சொந்தக் காசில் வாங்கிய விரிப்பைத் தானே துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்கு வருகிறார். இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது என்கிறார்.